பக்கத்து அறையிலிருந்து ஒரு கேசட்

சகாத்தா
1997 நவம்பர் 14, வெள்ளி

அக்கா,

இந்தக் கடிதத்தில் என் பெயர் இருக்காது. உறையின் பின்பக்கமும் எழுதப் போவதில்லை. கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். படுக்கை மடித்து வைக்கும் அலமாரியின் மேல்தட்டில் டார்ச்சோடு ஏறி உட்கார்ந்திருக்கிறேன். கீழ் அறையில் அப்பா இருமுகிறார். அவர் இருமல் நிற்கும்போதெல்லாம் நானும் எழுதுவதை நிறுத்துகிறேன்.

மதியம் எல்லோரும் டிபன் பெட்டியைத் திறக்கும் நேரத்தில் எங்கள் ஒலிபரப்புக் குழு பாட்டு போடும் என்று உனக்குத் தெரியும். விருப்பப் பெட்டியில் வரும் சீட்டுகளை எடுத்துப் பார்த்து, பெயரில்லாத சீட்டைக் கிழித்துவிட்டு, மற்றதில் மூன்றைப் போடுவோம். இன்று வந்த ஒரு சீட்டு எங்கள் குழுவிலேயே இருக்கும் மொகி எழுதியது. செண்டாயில் வாங்கிய சிடி ஒன்றையும் கூடவே கொடுத்தாள். புதிய இசைக்குழுக்கள் பன்னிரண்டின் பாட்டுகள் அதில் இருக்கின்றன. ஏழாவது உங்களுடையது. ‘பெயின்ட் டப்பா’. நீ என் அக்கா என்று மொகிக்குத் தெரியாது. பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது.

போடுவதற்கு முன்னால் ஹெட்போனில் கேட்டுப் பார்த்தேன். முதலில் எங்கள் பள்ளி மணி. டேப் இழுத்துப்போனதால் கடைசி ஸ்வரம் தொங்குமே, அதே மணி. அப்புறம் ஷிராஹத்தா சாரின் குரல். “குனி. இன்னும் குனி.” அதற்குப் பிறகுதான் டிரம்மும் கிட்டாரும் வருகின்றன.

சிடி சிக்கிக்கொள்கிறது என்று பொய் சொன்னேன். மொகி அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, ஒரு கீறல்கூட இல்லையே என்றாள். தொடக்கத்தில் வரும் மணி நம் பள்ளி மணி மாதிரியே இருக்கிறது, அதனால்தான் கொண்டுவந்தேன் என்றும் சொன்னாள். வாசலில் ஷிராஹத்தா சார் டீக்கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். அவர்தான் எங்கள் குழுவின் பொறுப்பாசிரியர்.

“அப்படியா? குடு, வீட்டுல கேட்டுப் பாக்கறேன்” என்றார். மொகி இரண்டு கையாலும் நீட்டினாள்.

பள்ளி முடிந்த பிறகு ஒலிபரப்பு அறையின் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கும். நீ கேட்டாய் என்று பள்ளிச் சத்தங்களை எடுத்து அனுப்பினேனே, அந்த கேசட்டை நான்தான் பதிவு செய்தேன் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். பள்ளியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அப்பாவை அழைப்பார்கள். உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அவர் சொல்லியும் இரண்டு வருடமாக உனக்கு எழுதுகிறேன் என்பதும் அவருக்குத் தெரிந்துபோகும்.

மார்ச்சில் ஒரு பெரிய கம்பெனி உங்கள் சிடியை வெளியிடப் போகிறது, அதிலும் இந்தப் பாட்டு இருக்கும் என்று மொகி சொன்னாள். தயவுசெய்து அதிலாவது சாரின் குரலை எடுத்துவிடு. மணியையும் பேண்டு வாத்தியப் பயிற்சியையும் மட்டும்தான் எடுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

வழக்கம்போல் தபால் நிலையத்திலேயே வைத்திருக்கும்படி எழுது. பத்து நாள் வைத்திருப்பார்கள். புதன்கிழமை போய் வாங்கிக்கொள்வேன்.


தோக்கியோ, கோஎன்ஜி
நவம்பர் 20

ஃபுமி,

முதலில் மூச்சு விடு. விட்டாயா? இனிப் படி.

ஒரு சிடியைக் கேட்டு அதில் ஆளைக் கண்டுபிடிக்க உன் சார் போலீஸ்காரர் இல்லை. நெஸுவின் கிட்டார் வந்த பிறகு அதற்குள் யார் பேசினாலும் மழைக்குள் பேசுகிற மாதிரிதான் கேட்கும். தன் குரலே தனக்கு அடையாளம் தெரியாதவர்கள்தான் உலகத்தில் அதிகம். ஆறு வருடமாக ஊரான் குரலை எடுத்துப் பாட்டு செய்கிறவள் சொல்கிறேன்.

எங்கள் கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். முதல் நிகழ்ச்சிக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது எங்கள் பாடகி சிகரெட் வாங்கிவிட்டு வருகிறேன் என்று போனாள். இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். குடையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தாள். மேடையில் ஒரு வெற்று நாற்காலி. குரிஹாரா டிரம்மை விட்டு இறங்கி வந்து, தன் கேசட் பெட்டியை அந்த நாற்காலியில் வைத்து, மைக்கை அதன் முன்னால் நிறுத்தினான். ரயில் நிலைய அறிவிப்புகளை அவன் பைத்தியம் மாதிரி பதிவு செய்து வைத்திருந்தான். அறிவிப்பாளர் பேசப் பேச நாங்கள் சுற்றி நின்று வாசித்தோம். கேட்டவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் தூங்கினார்.

அன்றைக்கு வைத்த பெயர்தான் வசுரெகாசா. மறந்துவிட்டுப்போன குடை. இன்றும் அந்தக் குடையை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுத்தான் தொடங்குவோம். அதன் பிறகு வேறு பாடகியைத் தேடவேயில்லை. சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு விற்கும் வண்டிக்காரர் பாடினார். நீச்சல் வகுப்பு மாஸ்டர் பாடினார். வாடகை வீட்டுக்கார அம்மாள் என் தொலைபேசியில் விட்ட வசவுகளை வைத்து ஒரு பாட்டு செய்தோம். அந்த அம்மாள் அதைக் கேட்க வந்தார். முதல் வரிசையில் நின்று, “நான் இதைவிடக் கோவமா சொன்னேன், நீங்க அதைப் போடல” என்றார்.

இந்த அரங்குகளில் நுழைவாயிலில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிறவர்களை, இன்று எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டு, அந்தப் பெயருக்கு நேராக ஒரு கோடு போடுவார்கள். மூன்று வருடம் எங்கள் பெயருக்கு நேராக ஒரே ஒரு கோடுதான். குரிஹாராவின் அண்ணன். போன மாதம் ஷிமோகித்தசாவாவில் கோடுகள் இரண்டாவது வரிக்குப் போயின. கம்பெனிக்காரர் அன்றுதான் வந்திருந்தார். அவருக்குப் பிடித்தது உன் கேசட்டில் செய்த பாட்டுதான். அது இல்லாவிட்டால் சிடியே இல்லை என்று சொல்லிவிட்டார்.

கேசட்டில் இருந்த டப்பாச் சத்தத்தைக் கண்டுபிடித்தது நெஸு. நாடகக் குழுப் பிள்ளைகள் மேடைத் தட்டிக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறார்கள், வாத்தியார் குனிந்து அடிக்கச் சொல்லி விரட்டுகிறார், சரிதானே? டப்பாவுக்குள் குண்டு உருளும் அந்தத் தாளத்தைப் பிடிக்க குரிஹாரா இரண்டு வாரம் ராப்பகலாக அடித்துப் பழகினான்.

மார்ச்சில் எனக்கு இருபத்தாறு. ஐந்து வருடம் கொடு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஆறு முடிந்துவிட்டது.

பயப்படாதே. ஒன்றும் ஆகாது.

தொமொயே


சகாத்தா
நவம்பர் 29

அக்கா,

அது பெயின்ட் டப்பா இல்லை.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கேசட்டை அனுப்பும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஒலிபரப்பு அறைக்கு அடுத்தது ஒழுங்கு அறை, விதி மீறியவர்களைக் கூப்பிட்டுக் கண்டிக்கும் இடம். இடையில் பலகைச் சுவர்தான். எங்கள் வகுப்பில் இகராஷி சிகுசா என்று ஒருத்தி. பிறந்ததிலிருந்தே அவளுக்கு டீ நிறத் தலைமுடி. எங்கள் பள்ளியில் முடி கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். இயற்கையாகவே வேறு நிறமென்றால் சின்ன வயதுப் புகைப்படத்தைக் கொண்டுவந்து காட்டி அனுமதி எழுதி வாங்க வேண்டும். அவள் கொண்டுவந்தாள். பாலர் பள்ளியில் எடுத்தது. ஷிராஹத்தா சார் அதைப் பார்த்துவிட்டு, இதில் வெயில் பட்டிருக்கிறது, செல்லாது என்றாராம்.

ஜூன் கடைசி நாள், நீ கேட்ட சத்தங்களுக்காக மைக்கை ஜன்னலருகே வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன். மணி அடித்தது. பேண்டுக் குழு வாசித்தது. அப்போது அடுத்த அறையில் அவர் குரல் கேட்டது. குனி என்றார். பிறகு அந்த உருளும் சத்தம். அது தலைமுடிக்கு அடிக்கும் கறுப்பு ஸ்ப்ரே. அவள் தலையில் அவரே அடித்தார்.

எட்டு நிமிடம், அக்கா. நான் ஹெட்போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் எதிரே ஒலியளவு காட்டும் முள் ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து கதவைத் தட்டியிருக்கலாம். ஒரு காகிதத்தை நீட்டி, சார், இதில் கையெழுத்து வேண்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். சத்தம் அதிகமாகும்போது முள் சிவப்புக்குப் போகாமல் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது அது. ஒரு வாக்கியத்துக்கு முன்னால் எப்படி மூச்சு எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். மாவட்டப் போட்டிக்கு என்னைக் காரில் கூட்டிப்போனார். திரும்பும் வழியில் சூடான சோளசூப் டப்பா வாங்கித் தந்தார். அவர் கெட்டவர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சிகுசா ஜூலையிலிருந்து பள்ளிக்கு வருவதில்லை.

நீங்கள் அந்தத் தாளத்தை இரண்டு வாரம் பழகினீர்கள் என்று எழுதியிருந்தாய். நீயும் கேட்டாய் இல்லையா? உனக்கு டப்பா மட்டும்தானா கேட்டது?

சார் இன்னும் சிடியைத் திருப்பித் தரவில்லை. ஒன்றும் பேசவுமில்லை. என் முறை வந்து நான் அறிவிப்பு வாசிக்கும்போதெல்லாம் பின்னால் வந்து நிற்கிறார்.


தோக்கியோ
டிசம்பர் 5

ஃபுமினோ,

உன் கடிதத்தைக் குரிஹாராவிடமும் நெஸுவிடமும் படித்துக் காட்டினேன். குரிஹாரா எழுந்து வெளியே போய்விட்டான். நெஸு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பாட்டு செஞ்சாச்சு. இப்ப வந்து இது என்னன்னு சொன்னா நான் காதைக் கழட்டியா வைக்க முடியும்?”

எனக்கும் கோபம்தான். நீ ஒரு கேசட்டை அனுப்பினாய். ‘பள்ளிச் சத்தங்கள்’ என்று மேலே எழுதியிருந்தாய். கூடவே உலர்ந்த மீன் இரண்டு பொட்டலம் வைத்திருந்தாய். ஒரு வரிகூட வேறு எதுவும் இல்லை. அந்த எட்டு நிமிடத்தை நீ வெட்டியிருக்கலாம். வெட்டத் தெரியாதவளில்லை நீ. ஏன் அனுப்பினாய்? நான் கேட்டுவிட்டு ஏதாவது செய்ய வேண்டுமென்றா? அப்படியென்றால் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் என் தலையில் இறக்கிவைத்துவிட்டு, இப்போது உனக்கு டப்பா மட்டும்தானா கேட்டது என்று கேட்கிறாய்.

வேறு குழு என்றால் பாடகி மறுபடி பாடிக்கொள்ளலாம். எங்களுக்கு இருப்பது நாற்காலியில் இருக்கும் பெட்டி மட்டும்தான். அதிலிருந்து குரலை எடுத்தால் மிஞ்சுவது மூன்று பேர் சத்தம் போடுவது.

ஜனவரி கடைசியில் கம்பெனி ஸ்டுடியோவில் இறுதி வேலை. அதற்குள் யோசித்துச் சொல்கிறேன்.

தொமொயே


தோக்கியோ
டிசம்பர் 24

ஃபுமி,

போன கடிதம் திரும்பி வந்துவிட்டது. பத்து நாள் ஆகியும் பெறப்படவில்லை என்று முத்திரை. அதை மறுபடி படித்தேன். கிழித்துப்போடத் தோன்றியது, ஆனால் நான் எழுதியது எழுதியதுதான், அதனால் இதனுடனேயே வைக்கிறேன். இதுவும் திரும்பி வருமோ என்னவோ.

உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா? வீட்டுக்கு இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். இரண்டு முறையும் அப்பாதான் எடுத்தார். நான் பேசவில்லை. அவரும் உடனே வைத்துவிடவில்லை.

நேற்று குரிஹாராவின் அறையில் உன் மூல கேசட்டைக் கிட்டார் எதுவும் இல்லாமல் கேட்டோம். மணி. பேண்டு. குனி. டப்பா. அதற்கு அடியில் ஒரு பெண் குரல் இருக்கிறது. “கண்ணுல படுது சார்” என்கிறது. கொஞ்சம் பொறுத்து, “பொறந்ததுலேர்ந்தே இதுதான் என் முடி” என்கிறது. இரண்டாம் தடவையும் அதையே சொல்கிறது.

பாட்டில் அது இல்லை. இருக்கிறது, ஆனால் கேட்காது. அந்த இடத்தில் ஏதோ முனகல் வந்து தாளத்தைக் கெடுக்கிறது என்று நெஸு சொன்னான். அதைக் குறைத்தது நான். என் விரலால்தான் குறைத்தேன். உன் சார் ஸ்ப்ரே அடித்தார், நான் அதற்குமேல் கிட்டாரை ஏற்றினேன்.

எதை எடுப்பது, எதை வைப்பது என்று ஒரு மாதமாக நாம் இரண்டு பேரும் சண்டை போடுகிறோம். அந்தப் பெண்ணிடம் நீ கேட்டாயா? நானும் கேட்கவில்லை.

குரலைக் குறைக்காத பிரதி ஒன்று இதனுடன் இருக்கிறது. ஏற்கனவே வந்த பாட்டும் மறுபக்கத்தில் இருக்கிறது. என்ன செய்வதென்று நீ முடிவு செய்.

அக்கா


சகாத்தா
1998 ஜனவரி 12

அக்கா,

தபால் நிலையத்துக்குப் போகாமல் இருந்தது வேண்டுமென்றேதான். உன் பதிலுக்குப் பயந்தேன். ஆண்டு தொடங்கிய பிறகுதான் போனேன். அடையாள அட்டையைப் பார்த்த அம்மாள், நாளைக்கு வந்திருந்தால் இதுவும் திரும்பியிருக்கும் என்றார்.

வராத மாணவர்களின் வீட்டுக்குப் பாடத்தாள்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது பக்கத்துத் தெருவில் இருப்பவர்களின் வேலை. சிகுசாவுக்கு இத்தனை நாளும் மொகிதான் கொடுத்துவந்தாள். அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாளாம். சனிக்கிழமை அந்த உறையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடற்காற்றில் பனி தரையிலிருந்து மேலே பறந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டு வாசலில் மூன்று முறை திரும்பிப் போகப் பார்த்தேன்.

அவள் அம்மா கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் மாடியைக் காட்டினார். ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுகளையும் கையில் கொடுத்தார்.

சிகுசா அடியில் சூடேற்றும் கொத்தத்சு மேசையின் போர்வைக்குள் இடுப்புவரை நுழைந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடியைக் காதோடு வெட்டிவிட்டிருக்கிறாள். கறுப்புப் போய், வெட்டிய இடமெல்லாம் டீ நிறம். என்னைப் பார்த்ததும், “என்ன தொகாஷி, அறிவிப்பு வாசிக்க வந்தியா?” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஓர் அக்கா இருப்பதிலிருந்து சொன்னேன். கேசட் பெட்டியை மேசைமேல் வைத்து, முதலில் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டாள்.

“டிரம் நல்லாருக்கு” என்றாள். பிறகு, “இதுல நான் எங்க?” என்றாள்.

மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறையும் போடச் சொன்னாள்.

“அவரு இருக்காரு. டப்பா இருக்கு. நான் எங்க? நான் கத்தினேனே தொகாஷி. பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டிருக்கும்னு நெனச்சேன். அதனாலதான் அதுக்கப்புறம் யார் மூஞ்சியையும் பாக்க முடியல. எல்லாரும் கேட்டுட்டு சும்மா இருந்தாங்கன்னு. நான் அவ்வளவு மெதுவாவா பேசினேன்?”

மெதுவாகப் பேசவில்லை, அக்காதான் குறைத்துவிட்டாள் என்றேன். மறுபக்கத்தைப் போட்டேன். தன் குரல் வந்ததும் அவள் கையிலிருந்த ஆரஞ்சை வைத்துவிட்டாள். “கண்ணுல படுது சார்.” அதைக் கேட்டுவிட்டு நிறுத்தச் சொன்னாள்.

“இது எங்க வச்சு எடுத்தே?”

“பக்கத்து ரூம்ல.”

“மைக்கை வச்சுட்டுப் போயிட்டியா?”

போய்விட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். சொல்ல வாயெடுத்தேன், அக்கா. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

“இல்ல. அங்கதான் இருந்தேன்.”

“எட்டு நிமிஷமுமா?”

“எட்டு நிமிஷமும்.”

அவள் ஓர் ஆரஞ்சை உரித்து, நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, முழுதையும் தானே தின்றாள். எனக்குக் கொடுக்கவில்லை. அதன் பிறகு இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, சாரின் குரலை எடுத்துவிட வேண்டும். அவர் குரல் இருந்தால் எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசுவார்கள், பாவம் அவர் நல்லவர் என்றும் நாலு பேர் சொல்வார்கள், அது அவளுக்கு வேண்டாம். இரண்டாவது, அவள் சொன்ன வரி கேட்க வேண்டும்.

“அந்த எடத்துல மத்த எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு. ஒருத்தர்கூட வாசிக்கக் கூடாது. நான் சொல்லி முடிச்சப்புறம் அடிச்சுக்கட்டும்.”

கிளம்பும்போது, வாசற்படியில் காலணி மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் மாடியிலிருந்தே கேட்டாள்: “அந்த சிடியில உன் பேரு இருக்கா?”

இல்லை என்றேன்.

“என் குரல் இருக்கு. அவரு குரல் இருக்கு. உங்க அக்கா பேரு இருக்கு. நீ மட்டும் இல்ல. நல்லாத்தான் பதிவு பண்ணியிருக்கே.”

அக்கா, அவள் கேட்டதைச் செய்ய முடியுமா? சாரின் குரல் போய்விட்டால் என்னையும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதை நினைத்து வரும் வழியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக வீடு வரை அழுதேன். அழுத கண்ணை அம்மா பார்த்துவிட்டாள். காற்று என்று சொன்னேன்.


தோக்கியோ
பிப்ரவரி 9

ஃபுமி,

அந்தப் பெண் சொன்னபடியே செய்தோம். பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் மூன்று பேரும் கையை எடுத்துவிடுகிறோம். டப்பா மட்டும் உருளுகிறது. பிறகு அவள் குரல். அவள் முடித்த பிறகு உடனே நுழைய முடியவில்லை. குரிஹாரா குச்சியைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கிறான். மொத்தம் பதினாலு விநாடி.

கம்பெனிக்காரர் கேட்டார். மிகவும் மரியாதையாகப் பேசினார். வானொலியில் பதினாலு விநாடி இசை நின்றால் கருவி பழுது என்று நினைப்பார்கள் என்றார். யார் அந்தப் பெண், அனுமதி இருக்கிறதா என்றார். அவளிடம் கேட்டுத்தான் செய்தோம் என்றேன். அதுதான் பிரச்சினை என்றார். ஏதோ ஒரு முனகலாக இருந்தவரை அது சத்தம். இப்போது ஆள் ஆகிவிட்டதாம். நடிகை ஒருத்தியை வைத்து வேறு ஏதாவது பேசவைத்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்.

நெஸு சரி என்றான். நான் இல்லை என்றேன். குரிஹாரா என் பக்கம் வந்து நின்றான். அன்று இரவு நெஸு என் வீட்டுக்கு வந்து, “ஆறு வருஷம் நான் கண்டவன் குரலுக்குப் பின்னாடி நின்னேன் தொமொயே. ஒரு தடவை முன்னாடி நிக்கலாம்னு பாத்தேன்” என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கம்பெனி அவனை வேறொரு பாடகிக்கு வாசிக்க எடுத்துக்கொண்டுவிட்டது. வெள்ளிக்கிழமை தன் ஒலிப்பெருக்கியைத் தூக்கிக்கொண்டு போனான். அதைப் படியில் இறக்க நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன்.

மார்ச் சிடி இல்லை. நாங்களே முந்நூறு சிடி போட்டோம். பெட்டிகள் என் சமையலறையில் இருக்கின்றன. அவற்றைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போகிறேன்.

சனிக்கிழமை கோஎன்ஜியில் இரண்டு பேராக வாசித்தோம். நாற்காலி, குடை, பெட்டி. கிட்டார் இல்லாததால் எல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அந்த இடம் வந்தது. நிறுத்தினோம். யாரோ இருமினார்கள். பிறகு அவள் பேசினாள். யாரும் கை தட்டவில்லை. முடிந்த பிறகும் தட்டவில்லை. சின்னப் பெண் ஒருத்தி, தொப்பி போட்டவள், நாற்காலி அருகே வந்து அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தொப்பியை எடுக்கவில்லை. வாசலில் எங்கள் பெயருக்கு நேராக ஒன்பது கோடுகள்.

இதையெல்லாம் உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. நீ சொல்லியிருக்காவிட்டாலும் என்றாவது ஒருநாள் அந்த கேசட்டைக் கிட்டார் இல்லாமல் கேட்டிருப்பேன். கேட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று உனக்கும் ஒன்று அவளுக்கும் அனுப்புகிறேன். உன் பெயர் எங்கும் இல்லை. சாரின் குரலும் இல்லை, பள்ளி மணியையும் எடுத்துவிட்டேன். இனி உன்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதையாவது நான் செய்தேன்.

அக்கா


சகாத்தா
பிப்ரவரி 15, ஞாயிறு

அக்கா,

டார்ச்சில் யாரோ புது பேட்டரி போட்டிருக்கிறார்கள். நான் போடவில்லை. அம்மாவா, அப்பாவா என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. ஆனாலும் வெளிச்சம் நன்றாக இருப்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் ஷிராஹத்தா சார் மொகியின் சிடியைத் திருப்பிக் கொடுத்தார். சத்தம் அதிகம், பாதியில் தூங்கிவிட்டேன் என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “நம்ம மணி டேப் ரொம்ப பழசாயிடுச்சு தொகாஷி. மாத்திடலாம்” என்றார். மறுநாள் காலையிலேயே புது டேப். கடைசி ஸ்வரம் இப்போது தொங்குவதில்லை. பழையதை என்ன செய்தீர்கள் என்று மொகி கேட்டாள். அழித்துவிட்டாராம்.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தால் ஏன் ஒன்றும் கேட்கவில்லை? நானும் எட்டு நிமிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தேன். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர் சும்மா இருக்கிறோம். அப்படியே இருந்தால் எல்லாம் நன்றாகவே போகும். ஏப்ரலில் நான் குழுத் தலைவி ஆவேன். அவர்தான் சொன்னார்.

சிகுசாவிடம் சிடியைக் கொடுத்தேன். வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டாள். ஏப்ரல் முதல் அஞ்சல்வழிப் பள்ளியில் சேர்கிறாள். இங்கே திரும்பி வரமாட்டாள். சாயங்காலம் தொலைபேசியில் கூப்பிட்டாள். அப்பா எடுத்து, வகுப்புத் தோழி என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“பதினாலு விநாடி இருக்கு. எண்ணிப் பாத்தேன்” என்றாள். “நான் அங்க இல்ல, தொகாஷி. இனிமே வரவும் மாட்டேன். அங்க இருக்கறது நீதான்.”

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். யார் என்று அப்பா கேட்டார். பெயரைச் சொன்னேன். நான் பாடத்தாள் கொண்டுபோய்க் கொடுத்த பெண் என்றேன். நல்லது, என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார்.

நாளை மதியம் அறிவிப்பு என் முறை. நீ அவ்வளவு சிரமப்பட்டு என்னை மறைத்து வைத்தாய். கோபித்துக்கொள்ளாதே. அப்பாவிடம் உன்னைப் பற்றி நானே சொல்ல வேண்டிவரும். பள்ளியிலிருந்து அழைப்பு வருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். காலை உணவின்போது, அம்மாவும் இருக்கும்போது.

விருப்பச் சீட்டைச் சற்று முன்தான் எழுதி முடித்தேன். உனக்காக அதை இங்கே பார்த்து எழுதுகிறேன். பெயரில்லாத சீட்டை எங்கள் பெட்டி ஏற்காது.

பாட்டு: பெயின்ட் டப்பா (புதிய பதிவு. நடுவில் இசை நிற்கும். பழுது இல்லை.)

குழு: வசுரெகாசா

யாருக்காக: இகராஷி சிகுசா

காரணம்: பக்கத்து அறையில் இருந்தேன். பதிவு செய்தது நான்.

கேட்பவர்: இரண்டாம் ஆண்டு, மூன்றாம் வகுப்பு, இருபத்தோராம் எண்,

தொகாஷி ஃபுமினோ